பூனைக்கு வைத்த சட்டி

பூனை மூத்திரத்தைத் துடைத்துவிட்டோம் என்று நினைப்பதைப்போல் ஏமாளித்தனம் வேறில்லை. காலையில் துடைத்த இடத்தை மோந்து பார்த்தால் சுத்தமாக இருக்கும். மத்தியானம் வெயில் ஏறி ஓட்டுச் சூடு உள்ளே இறங்கியதும் வாடை எழுந்து வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொள்ளும். போன வருஷம் பாதிக்கு மேல் நான் அந்த வாடையோடுதான் குடித்தனம் நடத்தினேன். வினிகர் ஊற்றிப் பார்த்தேன், சோடா உப்பைத் தூவிப் பார்த்தேன். பினாயில் ஊற்றியதுதான் பெரிய தப்பு. பினாயிலும் மூத்திரமும் சேர்ந்து வந்த வாடைக்கு வெறும் மூத்திரமே தேவலை. பாயில் போனது, துவைத்து மடித்த துணிமேல் போனது, என் வீட்டுக்காரர் வெளியே கிளம்ப எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைமேலும் போனது. அதற்கென்று வைத்த சட்டியில் மட்டும் போகவில்லை.

பூனை நான் ஆசைப்பட்டு வளர்த்ததல்ல. என் மாமனாருடையது. மாமியார் இறந்த வருஷம், எங்கள் மஞ்சி மில்லில் குவித்துப் போட்டிருந்த தேங்காய் நாருக்கு நடுவில் கண் திறக்காமல் கிடந்த குட்டியை மேல்துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். செவலை நிறம், கடுவன். வளர்ந்தபின் அவர் மடியை விட்டு இறங்காது. பேர் எதுவும் வைக்கவில்லை. "சாமி, வா சாமி" என்பார், வரும்.

அப்புறம் மாமாவுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் சாவி, கண்ணாடி என்று சில்லறையாகப் போனது. பிறகு மனிதர்கள். ஒருநாள் நான் சாப்பாடு போட்டுக்கொண்டு நிற்கிறேன். நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரூட்டு அம்முணி?" என்று மரியாதையாகக் கேட்டார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு போடுகிறவள் நான். "இந்த ஊடுதானுங்க மாமா" என்றேன். "அப்படீங்களா, சந்தோசம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

எங்களிடம் பேசும்போது தடுமாறுகிறவர் பூனையிடம் தடுமாறவே மாட்டார். கிணறு வெட்டிய கதை, தேங்காய் விலை விழுந்த கதை, மாமியாருக்கு வளையல் வாங்கப் பொள்ளாச்சிக்கு மழையில் நனைந்துகொண்டு போன கதை எல்லாம் கோர்வையாக வரும். நாங்கள் என்றால் நடுவில் புகுந்து, "அது நடந்து எத்தனையோ வருசமாச்சுங்க மாமா" என்று திருத்துவோம். பூனை திருத்தாது. பூனை போனால் அவருக்குப் பேச்சே போய்விடும். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

எங்கள் வீடு கேரள எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில், தோப்புக்குள். முன்னால் ரோடு. லோடு லாரிகள் கண்மண் தெரியாமல் வரும். முன்பிருந்த பூனை அந்த ரோட்டில்தான் செத்தது. அதனால் இதை வெளியே விடுவதில்லை. பழைய சிமெண்டுச் சட்டி ஒன்றைக் கழுவி, தேங்காய் போட்டு வைக்கும் ரூமின் மூலையில் வைத்து, அதில் மஞ்சித் தூளை நிரப்பிக் கொடுத்தேன். மட்டையை அடித்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்தான். மில்லுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கிறது. டவுனில் பூனைக்கென்று மண்ணைப் பாக்கெட் போட்டு விற்கிறார்களாம், அதைக் கேட்டு நான் சிரித்ததுண்டு. பூனையும் சட்டியில் தோண்டிப் போய் மூடிவிட்டு வரும். நல்ல பிள்ளை என்று நானே நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அப்புறம் ஒருநாள் மாமா கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் நடந்து போய்விட்டார். டீக்கடைக்காரர் பார்த்து வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து முன்பக்கம் கிரில்லுக்குப் பூட்டு, பின்கதவுக்குத் தாழ்ப்பாள். பூனையோடு அவரும் உள்ளே.

பூனை சட்டியை விட்டுவிட்டுக் கண்ட இடத்தில் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இதை இப்போது இரண்டு வரியில் எழுதிவிடுகிறேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சட்டை நனைந்த அன்று என் வீட்டுக்காரர் சட்டையை என் முன்னால் போட்டார். "இன்னொருக்கா நாறுச்சுன்னா இதக் கொண்டுபோயி வேலந்தாவளம் சந்தைல உட்டுப்போட்டு வந்துருவேன். அப்பறம் என்னையச் சொல்லக்கூடாது."

"உட்டுப்போட்டு வாங்க. அப்பறம் பொழுதனைக்கும் நீங்க உக்காந்து மாமாகூடப் பேசுங்க" என்றேன். அப்பாவோடு உட்கார்ந்து பேசுவதென்றால் அவருக்கு மில்லில் வேலை வந்துவிடும்.

காய்கறிக் கூடையில் பூனையைப் போட்டு, மேலே துணி கட்டி, கொல்லங்கோட்டு மிருக ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் அது கத்திய கத்தலில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போதே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். டாக்டரம்மா மலையாளி. என் முகத்தைப் பார்த்ததும் தமிழ் கலந்து பேசினார். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அசுகம் ஒண்ணும் இல்லா" என்றார். பிறகு, "வீட்டில வேற பூனை உண்டோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க, இது ஒண்ணுதானுங்க."

"அந்தச் சட்டியில வேற ஏதாவது ஜீவி மூத்ரம் ஒழிக்குதோ? வேற மணம் வந்தா பூனை பின்ன அதில போகில்லா."

வேறு ஜீவி ஏது எங்கள் வீட்டில்? தோப்புக்குள் திரியும் நாயை நான் வாசல்படி ஏற விடுவதில்லை. இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தேன் என்று எரிச்சலோடு கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். வீட்டுக்காரர் மில்லில் இருந்தார். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தேங்காய் ரூமிலிருந்து மாமாவின் செருமல் கேட்டது. ரூமுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். திரும்பிய பிறகுதான், ஏன் திரும்பினேன் என்று என்னையே கேட்டேன்.

அந்தச் செருமல் எனக்குப் பழக்கமானது. மஞ்சித் தூள் லேசில் மக்காது. மூத்திரம் விழுந்தால் சீக்கிரம் மக்கி எருவாகும் என்பது மாமாவின் கணக்கு. வீட்டு ஆம்பளைகள் வேறெங்கும் போகக் கூடாது, தூள் குவியலுக்குத்தான் போகவேண்டும் என்பார். மில்லில் வேலை செய்கிறவர்களுக்கும் அதே சட்டம். பாத்ரூம் கட்டிய பிறகும் அவர் மட்டும் குவியலை விடவில்லை. போகும்போது பெண்கள் யாரும் எதிர்ப்படாமல் இருக்கச் சத்தமாகச் செருமுவார். நான் புதுப்பெண்ணாக வந்தபோது மாமியார் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது: "உங்க மாமா செருமுனா அந்தப் பக்கம் திரும்பாத கண்ணு." அன்றிலிருந்து செருமல் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இத்தனை மாதமாக அந்தச் செருமலை வீட்டுக்குள்ளேயே கேட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் வேலையைப் பார்த்திருக்கிறேன்.

எழுந்து போய்க் கதவோரம் நின்று பார்த்தேன். மாமா எனக்கு முதுகு காட்டி, சட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தேங்காய்க் குவியலின் உச்சியில் பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் ஒரு பிடி தூளை அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். "இன்னும் மக்குல சாமி. ஒரு மழ வரோணும்" என்று பூனையிடம் சொன்னார்.

சத்தம் போடாமல் அடுப்படிக்குத் திரும்பி வந்து அழுதேன். மேல்துண்டு இல்லாமல் என் எதிரில் ஒருநாளும் நின்றிராத மனிதர். நான் அந்தப் பக்கம் வந்தால் நீட்டிய காலை மடக்கிக்கொள்கிறவர். தோப்புக்குப் போகும் கதவை நாங்கள் அடைத்துவிட்டோம். தோப்பின் வாசனை வீட்டுக்குள் ஒரு சட்டியில் இருந்தது. அவர் வேறு எங்கே போவார்?

தூளை வெளியே கொட்டினேன். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் காயவைத்து, மணல் நிரப்பி, மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கே பூனை போய்த் தோண்டி, இருந்துவிட்டு, மூடிவிட்டு வந்தது. அது முன்பும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. நான் திட்டிய திட்டையெல்லாம் நினைத்து அதன் தலையைத் தடவினேன். கையைக் கடித்துவிட்டுப் போனது.

பூனையின் பாடு தீர்ந்தது, மாமாவின் பாடு தீரவில்லை. தூளைத் தேடித் தேங்காய் ரூமுக்குப் போய், காலி மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்னொரு சட்டியில் தூள் போட்டு அங்கேயே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். மாமனாருக்குப் பூனைச் சட்டி வைக்க எனக்குக் கை வரவில்லை. "பாத்ரூமுக்குப் போனீங்களா" என்று அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. மருமகள் கேட்கிற கேள்வியா அது? முன்பக்கக் கூடமான ஆசாரத்தில் அவர் இருக்கும்போது, "பாத்ரூம்ல தண்ணி புடிச்சு வெச்சிருக்கறனுங்க மாமா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவேன். சில நாள் எழுந்து போவார். சில நாள், "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். எங்கேயாவது ஈரம் தெரிந்தால் அவர் மகன் வருவதற்குள் துடைத்துவிடுவேன்.

வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். "மாமாவ ஒருக்கா நல்ல டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க."

"அப்பாவுக்கென்ன? வயசாச்சு. மறதி எல்லாருக்கும் வர்றதுதான்."

எப்போது கேட்டாலும் அதே பதில். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் எப்படித் தட்டிவிடுவேன்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வீட்டுக்காரர் கத்தும் சத்தம் கேட்டு ஓடினேன். குளித்துவிட்டு விளக்கேற்ற வந்தவர் சாமி படத்துக்கு முன்னால் ஈரத்தில் கால் வைத்திருந்தார். பூனை பக்கத்திலேயே உட்கார்ந்து தன் காலை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு உட்கார வேறு இடம் கிடைக்கவில்லை. மாமா சுவரோரம் நின்றிருந்தார். அவருடைய வேட்டியின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது. அந்த இடத்தைச் சுருட்டிக் கைக்குள் பிடித்திருந்தார்.

"இது பூனையில்லீங்க" என்று நான் வாயெடுத்தேன்.

"பூனைதான்" என்றார் மாமா. மகனைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. "நாறுது. கொண்டுபோயி எங்கியாச்சும் உட்டுரு."

அவருக்குத் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேட்டியைப் பிடித்திருந்த கை இறுகிப்போயிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் பூனை பிழைக்கும். அந்த வார்த்தையை மகன் முன்னால், சாமி படத்துக்கு முன்னால், மருமகள் வாயால் சொல்லவேண்டும். என்னால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு துணி எடுக்கப் போனேன்.

பூனையைச் சாக்கில் போட்டு வண்டியில் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் கிளம்பினார். பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும் என்று வேலந்தாவளம் வரைக்கும் போனார். போகும் வழியெல்லாம் கத்தியிருக்கும். திரும்பி வந்து, "மீன் விக்கிற எடத்துல உட்டேன். பொழச்சுக்கும்" என்றார். நான் சோறு போட்டேன். அன்று பொழுதோட மாமா நாற்காலியில் உட்கார்ந்து மடியைத் தட்டித் தட்டி, "வா சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இருட்டும் வரை கூப்பிட்டார். அவர் மகன் எழுந்து தோப்புக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஆசாரத்திலிருந்து செருமல் கேட்டது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்காரர் டம்ளரோடு எழுந்து ஆசாரத்துக்குப் போகும் வாசற்படியில் போய் நின்றார். அங்கேயே நின்றார். டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பக்கத்தில் போகவே எனக்குப் பயமாக இருந்தது. போனேன்.

சாமி படத்துக்கு முன்னால் தரை நனைந்திருந்தது. மாமா அதைக் காட்டி, "பாரு, மறுபடியும் பண்ணிப்போட்டுது" என்றார். "இந்தப் பூனைக்குப் புத்தியே வர மாட்டீங்குது."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"ஆமாங்கப்பா" என்றார். "பூனைதானுங்க. பொழுதோட கொண்டுபோயி உட்டுட்டு வந்தர்றனுங்க."

நான் துடைக்க எடுத்து வந்திருந்த துணியை வாங்கிக்கொண்டு, தரையில் மண்டி போட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.