உட்காராத தாய்

அம்பத்தூர் தொழிற்பேட்டை கம்பெனியில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்த அந்தத் தாய், நான் டாக்டராக இருக்கும் ரத்தப் புற்றுநோய் வார்டில் மகனைச் சேர்த்த பிறகும் உட்கார்ந்ததில்லை. கர்ப்பத்தில் கம்பெனிக்குப் போனதால்தான் பேரனுக்கு நோய் வந்தது என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லியிருந்தார்.

"அத்தயாண்ட நீயே சொல்லு சார்," என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார்.

"ரத்தச் செல்லு கண்டபடி பெருகாம அடக்குறது மைக்ரோ ஆர்.என்.ஏ.ங்கிற துணுக்குங்கம்மா. அதுல சிலது கொறஞ்சாலும் இந்த நோய் வளரும். வேலைக்குப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்க மருமக மேல தப்பே இல்ல," என்றேன்.

"கொறஞ்சது அவ ஆத்தா ஊட்டு ரத்தத்தாலதானே?" என்றார் மாமியார்.

"புள்ள எப்டி கீறான்னு ஒருவாட்டி கேட்டியா நீ?" என்று கத்திவிட்டு மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியாரின் பேச்சை நினைத்து நான்தான் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.