தகர ரோபோவுக்கு என் குரல்

நாடகம் நன்றாக நடந்தால் வசனம் எடுத்துக் கொடுத்தவனை யாருக்கும் தெரியாது. கெட்டுப்போனால் அவன் வீட்டு வாசலுக்கே வந்து கேட்பார்கள். அடுத்தவன் வாயில் வார்த்தையைப் போட்டுவிட்டுத் தான் இருட்டில் நிற்கிற வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவன் நான். மழை மாதங்களில் உப்புப் பாத்தியெல்லாம் வெள்ளம், வேலை கிடையாது. அப்போது எங்கள் ஆட்கள் நாடகம் போடுவார்கள். இருபது வருஷமாகத் திரைக்குப் பின்னால் நோட்டோடு நிற்பவன் நான். போன மழைக்கு ஜோசப் வாத்தியார் ஒரு விஞ்ஞான நாடகம் எழுதினார். பணக்கார வீட்டுக்கு ரோபோ ஒன்று வேலைக்காரியாக வருகிறது. பாத்திரம் தேய்க்கும், காபி கொடுக்கும், வீட்டில் பேசுவதை எல்லாம் உள்ளே பதிந்துகொள்ளும். கடைசிக் காட்சியில் அத்தனையையும் ஊர் முன்னால் ஒப்பிக்கும். அவ்வளவுதான் கதை.

எண்ணெய் டின்

ரோபோவின் உடம்பை எண்ணெய் டின்களை வெட்டிச் செய்தோம். செய்தவர் கூனிமேடு வெல்டர் கரீம் பாய். வெள்ளிப் பெயின்ட் அடித்து மூன்றே வாரம், கழுத்தில் துரு. மறுபடி அடித்தோம். முதுகில் துரு. வாரண்டி உண்டா என்று ஜோசப் வாத்தியார் கேட்டார். பாய் துருப்பிடித்த தன் பைக்கைக் காட்டினார். "இந்த உப்புக் காத்துல என் வண்டியே நிக்கலை சார், உங்க ரோபோவா நிக்கும்?"

குரல்

டின்னுக்குள்ளிருந்து பேசினால் கிணற்றில் விழுந்தவன் கத்துவது போல இருந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதனால் உள்ளே இருப்பவர் கையைக் காலை ஆட்டினால் போதும், திரைக்குப் பின்னால் மைக்கில் ஒருவர் பேசட்டும் என்று முடிவானது. நோட்டு என் கையில்தானே இருக்கிறது, நானே பேசிக் காட்டினேன். சாதாரணமாகத்தான் பேசினேன். ஜோசப் வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "மேஸ்திரி, உங்க குரல்ல உணர்ச்சின்னு ஒண்ணு இல்லவே இல்லை, ரோபோவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது."

அசையாமல் நிற்பது

டின்னுக்குள் நிற்க மூன்று ஆம்பளைகள் வந்தார்கள். ஒருவனுக்கு வேர்த்தது. ஒருவனுக்கு அரித்தது. மூன்றாமவனுக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் டீ வேண்டும். ஒத்திகையை வேடிக்கை பார்க்க நின்றிருந்த வசந்தா, நான் நின்று பார்க்கட்டுமா என்றாள். பத்து வருஷம் என் கீழே பாத்தி மிதித்தவள். இப்போது உப்பள முதலாளி வீட்டில் வேலை செய்கிறாள். டின்னை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். மூச்சு விடுகிறாளா என்று நானே போய்ப் பார்த்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். உள்ளே இருப்பது அவள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. சரி என்றோம். இப்படி நிற்க எங்கே கற்றுக்கொண்டாய் என்று வாத்தியார் கேட்டார். "அந்த வீட்டுல நான் நிக்கிற இடத்துல யாருமே இல்லாத மாதிரிதான் சார் பேசுவாங்க, பழகிப் போச்சு."

செவ்வாய் கிரகம்

முதலில் எழுதியபடி ரோபோ ஒப்பிக்கும் ரகசியம் செவ்வாய் கிரகத்திலிருந்து வந்தது. ஒத்திகையில் எனக்கே கொட்டாவி வந்தது. நிஜமான வேலைக்காரிக்கு என்ன தெரியும் என்று வாத்தியார் வசந்தாவைக் கேட்டார். அவளும் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரு அம்மா. மகன் வெளிநாட்டில். கூப்பிட்டு மாசக்கணக்காகிறது. ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் அந்த அம்மா போனைக் காதில் வைத்து, சாப்பிட்டியா கண்ணு, அங்கே குளிரா என்று பேசும். போனில் விளக்குகூட எரியாது. வந்தவர்கள், தினமும் பேசுகிறானா, நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மறுநாளே அது நாடகத்தில் ஏறிவிட்டது. வசந்தா ஓடி வந்தாள். அந்த அம்மா முதலாளி வீட்டம்மாதான் என்று அப்போதுதான் சொன்னாள். எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். அந்த வீட்டு வேலையை வைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. வாத்தியார் கேட்கவில்லை. நாடகத்துக்கு உயிரே அதுதானாம், யாருக்கும் தெரியாதாம். அப்படியென்றால் நீ டின்னைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று நான் சொன்னேன். அதுவும் முடியாதாம், சாயங்காலம் ஆனால் கால் தானாக இங்கே வருகிறதாம். போகும்போது என்னிடம் சொன்னாள். "எனக்கு முன்ன அங்க இருந்த பொண்ணு, குழம்புல உப்பு ஜாஸ்தின்னு வெளிய சொன்னதுக்கே நிறுத்திட்டாங்க மேஸ்திரி."

பாத்தி மிதித்த கால்

முதல் நாடகம் கூனிமேட்டில். நடுவில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. மைக்கிலேயே தும்மினேன். மேடையில் ரோபோ சும்மா நிற்கிறது, ஊர் சிரிக்கிறது. வசந்தா கெட்டிக்காரி. முந்தானை இல்லாத டின்னில் முந்தானையைத் தேடுவது போல ஒரு கை காட்டி, மூக்கைத் துடைத்தாள். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது.

ஆனால் அவள் நடையே அவளைக் காட்டிக் கொடுத்துவிடும் போலிருந்தது. உப்பு விளைவதற்கு முன் பாத்திச் சேற்றை வரிசையாக நின்று காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவோம். குதிகால் முதலில் இறங்கும், அடி சின்னதாக இருக்கும், பக்கத்து ஆள் மிதித்த இடத்தை ஒட்டியே அடுத்த அடி விழும். பல வருஷம் மிதித்தவர்களுக்குத் தார் ரோட்டிலும் அதே நடைதான். ரோபோ மேடையில் அப்படித்தான் நடந்தது. மறுநாள் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். வழுக்கி விழுந்தாள். வெறுங்காலோடு விட்டுவிட்டோம். முதல் நாளே கூனிமேட்டில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பக்கத்து ஆளிடம் சொன்னது திரைக்குப் பின்னால் எனக்கே கேட்டது. "என்னா மிஷினோ போ, இது பாத்தி மிதிச்ச காலு, நம்ம ஆளுதான்."

முன்வரிசை

அடுத்தது மரக்காணம் பள்ளிக்கூட மைதானம். முதலாளியைத் தலைமைக்கு அழைத்திருந்தார்கள். அவருக்கு வேறு வேலை. அவருக்குப் பதிலாக அந்த அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நாடக நோட்டீசால் விசிறிக்கொண்டிருந்தார்.

போன் காட்சி வந்தது. வீட்டம்மாவாக நடித்தவர் ஜோசப் வாத்தியார் மனைவி. போனைக் காதில் வைத்து, சாப்பிட்டியா கண்ணு என்றார். முன்வரிசையில் நோட்டீஸ் நின்றுவிட்டது. அதன்பின் அது ஆடவில்லை.

கடைசிக் காட்சி. நோட்டில் இருந்த வரி இது: அம்மா யாரோடும் பேசவில்லை, மகன் கூப்பிடுவதே இல்லை. நான் ஆரம்பிக்கும் முன்பே ரோபோ கையைத் தூக்கிப் போனைக் காட்ட வேண்டும். கை தூக்கவில்லை. தொங்கியபடியே இருந்தது. டின்னுக்குள் வசந்தா, காட்டுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள் என்று புரிந்தது. நான் நோட்டை மூடினேன். மைக்கில் சொன்னேன்: "போன் பேச்சு எதுவும் என்னிடம் பதிவாகவில்லை." பின்வரிசையில் ஒருவன் மெமரி புல்லாயிடுச்சுப்பா என்றான். மைதானமே சிரித்துக் கைதட்டியது. திரை விழுந்ததும் வாத்தியார் நேராக என்னிடம் வந்தார். "நல்லா இருந்த நாடகத்தைக் கொன்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறீங்களே மேஸ்திரி."

எட்டு மணி

நான் மைக்கை அணைத்தேன். அதற்குள் அந்த அம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். வசந்தா தலை டின்னைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வாத்தியார் என் முதுகுக்குப் பின்னால் போனார்.

அந்த அம்மா டின்னின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கீழே குனிந்து காலைப் பார்த்தார். உப்பு தின்ற குதிகால், வெடிப்பு வெடிப்பாக. அந்த வீட்டுத் தரையில் தினமும் நடக்கிற கால். கையில் இருந்த நோட்டீசை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். ரோபோவிடம் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்க ரோபோவை நாளைக்கு ஏழு மணிக்கு வர வேணாம்னு சொல்லுங்க, எட்டு மணிக்கு வந்தாப் போதும், தகரம் சுமந்த தோள் வலிக்கும்."

இருபது வருஷம் மற்றவர்கள் மறந்த வரியை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன், ஒருத்தன் கைதட்டவில்லை. ஒரே ஒரு வரியை நான் விழுங்கினதற்கு ஊரே தட்டியது.