பஸ்ஸில் மணந்த கறுத்தக்கொழும்பான்

சுவிஸில், ஷ்லீரனில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஈ-சிகரெட் திரவத்தை வீட்டில் தாங்களே கலக்கிறவர்கள். மணமில்லாத அடித் திரவமும் மணத்துக்கு எசன்ஸும் விற்போம். எதில் எத்தனை சொட்டு என்று கலந்து பார்த்துச் சொல்வது என் வேலை. அதற்கு முன் லுசேர்ணில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். மூக்கை நம்பிச் செய்யும் தொழிலுக்கு இதைவிடத் தகுதி வேண்டுமா?

சேர்ந்த புதிதில் முதலாளி ரெட்டோ ஒரு போத்தலை என் முன்னால் வைத்தார். மாம்பழக் கலவை. அவர் சுவிஸ் டொச் மொழியில் சொன்னது என் காதில் இப்படி விழுந்தது:

"ஷாம்பு மாதிரிக் கிடக்கெண்டு எல்லாரும் திருப்பித் தருகினம். நீ மாம்பழ நாட்டுக்காரன். சனிக்கிழமைக்குள்ள சரிப்படுத்து. இல்லாட்டி திரும்பப் பாத்திரம் கழுவப் போகலாம்."

மாம்பழ நாட்டுக்காரன் என்றதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கள் ஊர் மாம்பழமான கறுத்தக்கொழும்பானையே போத்தலில் இறக்குவது என்று முடிவுகட்டினேன். வெள்ளிக்கிழமை காலை தராசைப் போட்டு உட்கார்ந்தேன். மாம்பழ எசன்ஸ், கொஞ்சம் பீச் பழ எசன்ஸ், ஒரு சொட்டு வனிலா, காம்பு முறிக்கும்போது வரும் பால் வாசனைக்குத் துளி பைன் மர எசன்ஸ். மணந்து பார்த்தேன். போதவில்லை. இன்னும் விட்டேன். போதவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு எதுவுமே மணக்கவில்லை. பச்சைத் தண்ணீர் என்று நினைத்து மேலும் விட்டேன், ஜாக்கெட்டிலும் சிந்திக்கொண்டேன். தோற்றுப்போன போத்தலைப் பையில் போட்டு பஸ் ஏறினேன்.

முன் சீட்டில் எங்கள் கோயில் பாடகர் குழுவின் சறோ அக்கா. திரும்பினார்.

"தம்பி, பையுக்குள்ள மாம்பழமோ?"

"இல்லையக்கா."

"கறுத்தக்கொழும்பான் எல்லே மணக்குது. எந்தக் கடையில பெட்டி வந்திருக்கு?"

"சத்தியமா இல்லையக்கா. அது வேலைச் சாமான்."

"சரி, சரி. நான் என்ன, பறிச்செடுக்கவே போறன்?" முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி ஜெனி ஃபோனும் கையுமாக நின்றாள்.

"இஞ்சேருங்கோ, பை நிறைய மாம்பழத்தை வைச்சுக்கொண்டு இல்லையெண்டு சொன்னனீங்களாம். நாளையிண்டைக்கு நான் எந்த முகத்தோட ஞாயிறு பூசைக்குப் போறது?"

போத்தலைத் திறந்து காட்டினேன். அவள் நன்றாக மணந்து பார்த்தாள்.

"ஓம், இது சரி. அப்ப பழத்தை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

சனிக்கிழமை காலை நடந்ததையெல்லாம் ரெட்டோவிடம் ஒப்புவித்தேன். அவர் மூடியைத் திறந்து, நெடி தாங்காமல் கண்ணீர் வடித்து, நிறைய அடித் திரவம் விட்டுக் கரைத்து, மறுபடி மணந்தார்.

"இது ஷாம்பு இல்லை, பழம். உன்ர மூக்குத்தான் செத்துப்போச்சு. திங்கக்கிழமை வா."

வேலை தப்பியது, மானம் பாக்கி இருந்தது. அன்று மாலை தமிழ்க் கடையில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிக்கொண்டு ஜெனியும் நானும் சறோ அக்கா வீட்டுக்குப் போனோம். அவர் ஒரு துண்டை நிதானமாக மென்றார்.

"குறை நினைக்காதை தம்பி. நல்ல பழம்தான். ஆனா நேற்று பஸ்ஸில கொண்டந்தது இது இல்லை. அதை வீட்டுக்கு வைச்சிட்டியள்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கலந்தவன் தன் மூக்கை நம்பக்கூடாது. நான் இப்போதும் புதுக் கலவை செய்தால் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, சறோ அக்காவுக்குப் பின்னால் உட்காருகிறேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடிதான் இருப்பார். மூக்கு மட்டும் என் பக்கம் திரும்பினால் கலவை சரி.