முருகா சொல்லித் திறக்கும் சிலிண்டர்

ஆர்.வி. வாடகைக்கு விடும் தொழிலில் வண்டி ஓட்டத் தெரியாதவரைக்கூடச் சமாளித்துவிடலாம். வீட்டில் முப்பது வருஷம் கேஸ் அடுப்பு பற்றவைத்தவரைச் சமாளிக்க முடியாது.

ஆர்.வி. என்றால் கட்டில், குளியலறை, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. லாரி அளவு இருக்கும். நம்மவர்கள் அதைக் கோயில் பிராகாரம் போல ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் பயமில்லாமல் ஃப்ரீவேயில் ஏற்றிவிடுவார்கள். கேம்ப் போய் இறங்கி, வெளியே வைத்துச் சுடும் சின்ன கேஸ் கிரில்லை வண்டியின் புரொபேன் கேஸ் குழாயில் மாட்டும்போதுதான் சந்தேகம் வரும். உடனே என் போன் அடிக்கும்.

டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் டேல் என்பவர் நடத்தும் வாடகை நிலையத்தில் எனக்கு வேலை. வொர்க் பர்மிட் வரும்வரை வருஷக்கணக்கில் ஹால் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். வாடகைக்கு வருபவர்களில் பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள் என்பதால், "உங்க ஆளுங்களுக்குப் புரியற மாதிரி அந்த கிரில்லைச் சொல்லிக் குடு, போதும்" என்று டேல் என்னைச் சேர்த்துக்கொண்டார். வாடிக்கையாளர் போனை எடுத்துப் பல்லைக் கடித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்களும் என் சொந்தக்காரர்தான். கேளுங்கள்.

கேஸ் தீர்ந்த கதை

இர்விங்கிலிருந்து செந்தில் என்பவர் குடும்பத்தோடு வண்டி எடுத்துப் போனார். மத்தியானம் போன். "மேடம், கேஸ் சுத்தமா தீந்துடுச்சு. பசங்க பசியில கத்துறாங்க." இந்த ஊரில் கேஸ் என்றால் பெட்ரோல். பச்சைப் பிள்ளைகளோடு நடுரோட்டில் நிற்கிறார்கள் என்று பதறிப்போய், வழியில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவும் ஆளை அனுப்பிவைத்தேன்.

அவர் சிவப்பு கேன் நிறையப் பெட்ரோலோடு போய்ச் சேர்ந்தார். வண்டி ஏரிக்கரையில் நிழலாகப் பார்த்து நின்றிருந்தது. எதில் தீர்ந்தது என்று அவர் கேட்க, செந்தில் கிரில்லைக் காட்டியிருக்கிறார். அந்த மனிதர் கிரில்லைப் பார்த்தார், கையிலிருந்த கேனைப் பார்த்தார், அப்படியே பின்புறமாகவே நடந்துபோய்த் தன் வண்டியில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். செந்தில் எனக்குப் போன் செய்தார். அவர் கத்தவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. "மேடம், நான் தமிழ்ல தானே பேசினேன்? நீங்க ஏன் அதை இங்கிலீஷ்ல புரிஞ்சுக்கிட்டீங்க?"

ரெகுலேட்டர் அங்கிள்

பெட்ரோல் ஆள் வந்துபோன செலவும், செந்திலுக்குத் திருப்பிக் கொடுத்த வாடகையும் டேல் தலையில் விழுந்தன. கிரில்லால் இன்னும் ஒரு தடவை பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தால் கிரில் கொடுப்பதையே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். கிரில் இல்லையென்றால் எனக்கு அங்கே என்ன வேலை? மறுபடி அந்தச் சோபாவில் போய் உட்கார என்னால் முடியாது.

அதனால் வகுப்பை ஆரம்பத்திலிருந்து நடத்தினேன். குழாயின் வளையத்தைப் பின்னால் இழு, உள்ளே தள்ளு, டிக்கென்று சத்தம் வரும். லீக் டெஸ்ட்டுக்கு இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவு, குமிழ் வந்தால் மூடு. கரூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஞானசேகரன் அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டார். தீ அகல்விளக்கு மாதிரி எரிகிறதாம். வீடியோவில் காட்டச் சொன்னேன். குழாய்க்கும் கிரில்லுக்கும் நடுவில் பளபளவென்று ஒரு புது ரெகுலேட்டர்! எங்கள் வண்டியில் கேஸின் வேகத்தைச் சிலிண்டர் பக்கத்திலேயே குறைத்துத்தான் குழாய்க்கு அனுப்புகிறோம். கிரில்லுக்குத் தனியாக இன்னொன்று கூடாது. அங்கிளோ ரெகுலேட்டர் தராமல் நாங்கள் ஏமாற்றிவிட்டோம் என்று முடிவுகட்டி, வழியில் ஹார்ட்வேர் கடையில் வண்டியை நிறுத்தி, அதற்குத் தோதான இணைப்பெல்லாம் தேடி வாங்கி மாட்டியிருக்கிறார். கழற்றச் சொன்னேன். கழற்றியதும் தீ ஜம்மென்று எரிந்தது. அங்கிள் போனை வாங்கினார். "தீயெல்லாம் நல்லாத்தானுங்கம்மா எரியுது. ஆனா ரெகுலேட்டர் இல்லாத அடுப்புல வெந்ததை நான் திங்கமாட்டனுங்க. எனக்குத் தயிர்சோறு போதும்."

பால் பொங்கியது

ஒரு சனிக்கிழமை காலை, கார்த்திக் என்பவரும் அவர் அம்மாவும் வந்தார்கள். வண்டிச் சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்கள். அது வழக்கம்தான், டேலுக்கும் பழகிவிட்டது. டிரைவ் த்ரூ லெமனேட் என்று கேலி செய்வார். ஆனால் அம்மா கையில் பால் பாத்திரமும் இருந்தது. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருப்பதால் இது வீடு, வீடென்றால் பால் காய்ச்சாமல் குடிபோகக் கூடாது என்பது அவர் கட்சி. மூன்று நாள் வாடகைக்குத்தான் ஆன்ட்டி என்றேன். "மூணு நாள் குடியிருந்தாலும் குடிதானேம்மா?" என்றார். ஒன்பது மணிக்கு ராகுகாலம்.

உள்ளே காய்ச்சினால் பொங்கி வழிந்து கறையாகும் என்று, வாசலிலேயே கிரில்லை மாட்டினேன். கார்த்திக் சிலிண்டர் வால்வைத் தண்ணீர்க் குழாய் திறப்பதுபோல் ஒரே திருகாகத் திருகினார். அப்படித் திறந்தால் எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று உள்ளே இருக்கும் பாதுகாப்புத் தடுப்பு பயந்து கேஸை அடக்கிவிடும். தீ முணுக் முணுக்கென்றுதான் எரியும். எல்லாவற்றையும் மூடி, கொஞ்சம் பொறுத்து, மெதுவாகத் திறக்கச் சொன்னேன். மறுபடி ஒரே திருகு. மறுபடி முணுக். "இதாங்க எனக்கு மெதுவா" என்றார். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி டேலைப் பார்த்தார், டேல் என்னைப் பார்த்தார். அடுத்த தடவை கார்த்திக் வால்வில் கை வைத்ததும், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, "முருகா..." என்று இழுத்துவிட்டேன்.

ஆன்ட்டி அதை வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக் கைகூப்பி, "முருகா..." என்றார். அம்மா சாமி கும்பிடும்போது பிள்ளை எப்படிச் சட்டென்று திருகுவான்? கை தானாக நிதானமானது. முருகா, கொஞ்சம் திருகு. முருகா, இன்னும் கொஞ்சம். மூன்றாவது முருகாவில் வால்வு முழுதாகத் திறந்தது, தீ நீலமாக நிமிர்ந்து எரிந்தது. அது என்ன வார்த்தை என்று டேல் கேட்டார். "ப்ரொசீஜர்" என்றேன். பால் பொங்கி, கிரில் முழுக்க வழிந்து, டேல் ஷூவில் சொட்டியது. டேல் குனிந்து பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இந்த வழியறதுதான் லீக் டெஸ்ட்டா?"

வேறு பெயர் வேண்டியவர்கள்

அன்றிலிருந்து வகுப்பில் மெதுவாக என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். முருகா, முருகா, முருகா, அவ்வளவுதான். போன் வருவது பாதியாகக் குறைந்தது. கீழக்கரைக்காரர் நாசர் பாய் வந்தபோது மட்டும் தயங்கித் தயங்கி மெதுவாகத் திறங்க என்றேன். அவர் சிரித்தார்: "கேள்விப்பட்டேன் சிஸ்டர். நான் பிஸ்மியை முழுசா ஓதிட்டே திறந்துக்கறேன், சரியா வரும்." சரியாகவே வந்தது.

சாமியே கிடையாது என்பவர்தான் படுத்திவிட்டார். கலிஃபோர்னியா பே ஏரியாவிலிருந்து டெக்சாஸுக்கு மாறிவந்த இன்ஜினியர், பெயர் இளங்கோ. கொள்கைக்கு விரோதமாக ஒரு வால்வைக்கூடத் திறக்க மாட்டாராம். சரி, உங்கள் வீட்டுக்காரம்மா பெயரைச் சொல்லித் திறங்கள், அதுவும் மூன்றெழுத்துதானே என்றேன். அவர் மனைவி பெயர் கவிதா. கேம்பிலிருந்து கூப்பிட்டார், தீ இல்லை. என்ன செய்தீர்கள் என்றேன். "சொன்னபடிதாங்க செஞ்சேன். ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் 'என்ன?'ன்னு முன்னாடி வந்து நிக்கறா. பதில் சொல்லணுமேன்னு வால்வை மூடிடறேன்."

மிஸ்டர் முருகா

லேபர் டே விடுமுறையோடு சேர்ந்த வார இறுதி. வண்டி எல்லாம் வெளியே. நான் வாசலில் ஒரு கிரில்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே மேஜைமேல் என் போன் அடித்தது. கை துடைத்து ஓடுவதற்குள் டேல் எடுத்துவிட்டார். மறுமுனையில் இருந்தவர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. ரிஃபண்ட் என்ற வார்த்தை இரண்டு தடவை காதில் விழுந்தது. பேச்சை வைத்துப் பார்த்தால் நம்மவர் இல்லை, வெள்ளைக்காரர். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். சோப்பு நுரையோடு கதவோரம் நின்றுவிட்டேன்.

டேல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தீ சின்னதா இருக்கா? சரி, எல்லாத்தையும் மூடுங்க. கொஞ்சம் பொறுங்க. இப்ப முருகா சொல்லிக்கிட்டே திறங்க." மறுமுனை எதையோ சொல்லிப் பார்த்தது. "இல்ல சார், மார்கரெட் இல்ல. மு-ரு-கா. மூணு தடவை. அவசரப்படாதீங்க, அது வேகமாச் சொல்ற வார்த்தை இல்ல." போனுக்குள் ஒரு கனத்த குரல் முட்டி மோதி மூன்று தடவை முருகாவைக் கூப்பிட்டது. நானும் கூடவே கூப்பிட்டேன், வால்வுக்காக இல்லை, வேலைக்காக. அப்புறம் மறுமுனையில் ஒரு ஆரவாரம். டேல் போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே, "இதை எல்லா வண்டியிலயும் ஒட்டிடணும். எழுத்துப் பிழை இல்லாம நீதான் எழுதித் தரணும்" என்றார். இப்போது எங்கள் ஒவ்வொரு சிலிண்டர் மூடியிலும் கொட்டை எழுத்தில் ஆங்கில ஸ்டிக்கர் இருக்கிறது: மூன்று முறை முருகா சொல்லியபடி திறக்கவும்.

அந்த வெள்ளைக்காரர் செவ்வாய்க்கிழமை வண்டியைத் திருப்பி ஒப்படைக்க வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். யார் வேண்டும் என்று கேட்டேன். "அந்த மிஸ்டர் முருகாகிட்ட என் நன்றியைச் சொல்லிடுங்க. அவருக்கு இன்னைக்கு லீவா?"

லீவெல்லாம் கிடையாது, இந்த ஆபீசில் ஓயாமல் வேலை பார்க்கிற ஒரே ஆள் அவர்தான், அவருடைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகிற ஆள்தான் நான்.