வெள்ளிக்கிழமைப் பூ

பாலேஸ்வரி வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. சுவாமி அறைக் கதவுக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் வருகிற எவரும் பார்க்காமல் தப்ப முடியாத இடத்தில். மண்நிறச் சுவர், அதன் முன்னால் ஒரு மூங்கில் குவளை, குவளைக்குள் கொஞ்சம் தண்ணீர். பூ இல்லை. அன்னையர் தினத்துக்கு மகள் நிரூபா இதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, தானே ஆணியும் அடித்துவிட்டுப் போனாள். பூ எங்கே என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஜப்பான்காரரின் கலை அப்படித்தான் என்று நிரூபா விளக்கம் சொல்லுவாள். பாலேஸ்வரி தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் மறைந்துவிடுவார். அந்தப் பூ எங்கே போனது என்று அறிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவர் நம்பியிருந்தார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அகதியாக ரொறொன்ரோவுக்கு வந்தவர். இருபத்தாறு வருடம் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் ஓடுகிற பெல்ற்றின் முன்னால் நின்று உடைந்த பிஸ்கற்றுகளைப் பொறுக்கி எறிந்தவர். கணவர் காலமான பிறகும் ஒருவரிடமும் கை நீட்டாமல் மகளைப் படிப்பித்து, நகரின் மில்லிக்கன் பகுதியில் சின்னதாக ஒரு வீட்டையும் சொந்தமாக்கினார். அடுத்தவரின் ஒரு சதத்துக்கும் ஆசைப்படாத மனுசி என்று ஊரே சொல்லும்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரேயொரு கைப்பழக்கம். பனி கரைந்து பூக்காலம் தொடங்கினால், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு பிளாஸ்ரிக் பையோடு நடக்கப் போவார். வேலிக்கு வெளியே தலை நீட்டுகிற பூவெல்லாம் பிள்ளையாருடையது. பக்கத்து வீட்டு லியூ அன்ரியின் மக்னோலியா, மூலை வீட்டு இத்தாலியரின் ரோஜா, எதுவும் மிஞ்சாது. இது களவு என்று நிரூபா சின்ன வயதிலிருந்து சண்டை பிடித்திருக்கிறாள். "சாமிக்குத்தானே" என்ற ஒரே சொல்லால் பாலேஸ்வரி அவளுடைய வாயை அடைத்துவிடுவார். அவரை மட்டும் பிழை சொல்லக் கூடாது. மில்லிக்கனில் இந்த வேலை பார்க்கிறவர்கள் இன்னும் நாலைந்து பேர் உண்டு. பெயரைச் சொன்னால் நாளைக்குக் கோயிலில் அவர்கள் முகத்தில் முழிக்க முடியாது.

போன மாரிக் குளிரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வாழ்நாள் முழுக்க நின்ற அம்மா இனி நடக்கட்டும் என்று நிரூபா ஒரு பயணம் பதிவு செய்தாள். ஏப்ரல் மாதம், ஜப்பானில் கனசாவா என்ற நகரம், ஒரு கிழமை நடைச் சுற்றுலா. காலையில் தோட்டம், பின்னேரம் ஓவியம், மண்பாண்டம், பொன்தகட்டு வேலை. கூட வந்த பதினொரு பேரும் பெரும்பாலும் ஓய்வு பெற்ற கனடிய ஆசிரியர்கள். வழிகாட்டி மொறிற்றா என்ற எழுபது வயதுப் பெண். ஆள் சின்னன், கையில் நீலக் கொடி, நடையோ காற்றுப் போல. ஆசிரியர்கள் மூச்சு வாங்க, பாலேஸ்வரி மட்டும் சளைக்காமல் மொறிற்றாவோடு நடந்தார். வாய்க்கால் ஓரமாகச் செரி மரங்கள் பூத்துக் கொட்டின. எல்லோரும் அண்ணாந்து பார்த்து வியந்தார்கள். இவ்வளவு பூவும் ஒரு பூசைக்கும் போகாமல் தண்ணீரில் விழுந்து வீணாகிறதே என்று பாலேஸ்வரியின் வயிறு எரிந்தது.

பெருவிரல் அளவில் ஒரு பித்தளைப் பிள்ளையாரைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தார். பூ எங்கே வாங்கலாம் என்று முதல் நாளே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மொறிற்றாவைக் கேட்டு, பிள்ளையாரையும் எடுத்துக் காட்டினார். மொறிற்றா இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து வணங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த நாள் சந்தையிலிருந்து மஞ்சள் செவ்வந்தி ஒரு கட்டும் வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது செவ்வந்தி வாடிவிட்டது. அன்று காலை ஒரு பழைய தேநீர் வீட்டுக்குப் போனார்கள். பாசி படர்ந்த முற்றம், நடுவே கல் பதித்த பாதை. ஆசிரியர்கள் வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றோடு மல்லாடினார்கள். பாலேஸ்வரிக்குக் கயிறில்லாத சப்பாத்து, கழற்ற ஒரு நிமிடம் போதும். அதனால் முற்றத்தில் நின்றார். முன்னால் ஒரு சிறிய கமீலியா மரம். எல்லாம் மொட்டு, ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளையாய் மலர்ந்திருந்தது. பிள்ளையாரே, உமக்குத்தான் என்று மனம் சொல்லி முடிக்கும் முன்பே கை பிடுங்கிவிட்டது. பூ கைப்பைக்குள் போனது.

வீட்டுக்காரக் கிழவர் சின்னக் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். விருந்தினருக்கென்று அவர் ஒரு பூ மட்டுமே வைப்பார், இந்தப் பூ இன்றைக்கு மலர வேண்டும் என்று பத்து நாளாகக் காத்திருந்தார் என்று மொறிற்றா ஆங்கிலத்தில் சொன்னார். கிழவர் மரத்தின் முன்னால் அப்படியே நின்றார். பாலேஸ்வரியின் முகத்தில் ஈயாடவில்லை. மொறிற்றா வெறும் காம்பைப் பார்த்தார், ஆட்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. கிழவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். கிழவர் தலை குனிந்துவிட்டு உள்ளே போய், மூங்கில் குவளையில் தண்ணீர் மட்டும் ஊற்றிச் சுவரோரம் வைத்தார். இன்றைக்குக் குவளை இப்படியே இருக்கும் என்பதற்கு மேல் மொறிற்றா ஒன்றும் சொல்லவில்லை.

ஆசிரியர்கள் சொக்கிப் போனார்கள். ஆளுக்கு ஆள் படம் எடுத்தார்கள். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று பாலேஸ்வரியும் எடுத்தார். கைப்பை மடியிலேயே இருந்தது. திறந்து, பூவை எடுத்துக் கொடுத்து, ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது. செய்யவில்லை. கொடுத்த பச்சைத் தேநீரைக் குடித்து முடித்தார். அந்த வயதுவரை அப்படியொரு வெட்கத்தை அவர் அறிந்ததில்லை.

வெளியே வந்து பார்த்தால் பூ கசங்கி மண்நிறமாகியிருந்தது. பிள்ளையார் முன்னால் அதை வைக்கக் கை வரவில்லை. எறிவோமென்றால், அந்த ஊர்த் தெருக்களில் மருந்துக்கும் ஒரு குப்பைத்தொட்டி இல்லை. கலைக்கூடம் முழுக்க, ஆற்றங்கரை முழுக்கக் களவுப் பூவைச் சுமந்து நடந்தார். பின்னேரம் ஒரு கடைக்குள் தொட்டியைக் கண்டு, சோற்றுருண்டை சுற்றிய தாள்களுக்குள்ளே அமத்திவிட்டு வந்தார். அந்த வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குப் பூ இல்லை.

ரொறொன்ரோவுக்குத் திரும்பிய பிறகு பிளாஸ்ரிக் பையை அவர் தொடவே இல்லை. லியூ அன்ரியின் மக்னோலியா பூத்து, உதிர்ந்து, முடிந்தும் போனது. ஒருநாள் லியூ அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இந்த முறை பூ எடுக்க வரவில்லையே, உடம்புக்கு ஏதுமா என்று விசாரித்தார். இத்தனை வருடமும் யன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பாலேஸ்வரி கூனிக் குறுகி உள்ளே போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை நிரூபா மடிக்கணினியோடு வந்து குசினி மேசையில் உட்கார்ந்தாள். சுவரில் தொங்கும் படத்தை மொறிற்றாவுக்கு அனுப்பி நன்றி எழுதியிருந்தாளாம், பதில் வந்திருக்கிறதாம். வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்று, பிறகு மெதுவாகத் தொடர்ந்தாள். அன்றைக்குப் பூவை எடுத்தவர் யாரென்று மொறிற்றாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பூ ஒரு கடவுளிடம் போயிருக்கிறது என்று கிழவரிடம் சொன்னாராம். அப்படியானால் அந்த இடம் அந்தக் கடவுளுக்கே இருக்கட்டும் என்றுதான் கிழவர் குவளையை வெறுமையாக வைத்தாராம். மொறிற்றா ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் போதெல்லாம், அந்த யானைமுகக் கடவுளுக்கு வெள்ளைப் பூ பிடித்ததா என்று கிழவர் கேட்கிறாராம். அம்மாவிடம் கேட்டு எழுத முடியுமா என்று மொறிற்றா கடிதத்தை முடித்திருந்தார்.

திட்டு விழப் போகிறது என்று பாலேஸ்வரி எதிர்பார்த்தார். நிரூபாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"அம்மா, நீங்கள் சொல்லவே இல்லை. திஸ் இஸ் ஸோ பியூட்டிஃபுல். பிள்ளையாருக்கு நல்லாப் பிடிச்சது எண்டு எழுதவே?"

விரல்கள் எழுத்துகளின் மேல் காத்திருந்தன. ஓம் என்றால் போதும். கிழவருக்கும் சந்தோஷம், மகளுக்கும் பெருமை, படமும் சுவரில் அழகாக இருக்கும். பாலேஸ்வரி சுவரைப் பார்த்தார்.

"குப்பையிலை போட்டனான்," என்றார். "கடைக்குள்ளை, சோத்துத் தாளுகளோடை. பிடிபட்டிடுவன் எண்ட பயத்திலை. அப்பிடியே எழுது."

நிரூபா எழுதவில்லை. "அவருக்கு எண்பத்துநாலு வயசாம், அம்மா."

"தெரியும். இனியும் அவரை ஏமாத்தேலாது."

நிரூபா தன்னால் அதை எழுத முடியாது என்று சொல்லி மடிக்கணினியைத் தாயின் பக்கம் தள்ளினாள். பாலேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினார். முதல் சொல் ஸொறி. அடுத்த சொல்லுக்குக் கனநேரம் எடுத்தது.