வெலிமிர் நிமிராத திருநாள்

சாச்சாக் ஊருக்கும் பெல்கிரேடுக்கும் இடையே முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் வெலிமிர். சர்க்கரை நோய் அவருடைய வலது கண்ணையும் அதோடு ஓட்டுநர் உரிமத்தையும் பறித்தது. மருத்துவர் சொன்ன பத்தியம், பேருந்து நிலையத்து இறைச்சி அப்பக் கடை கண்ணில் படும்வரைதான் நிற்கும்.

டிசம்பரில் இடது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்து விழித்திரை பிய்ந்தது. பெல்கிரேடில் அறுவை செய்து, விழித்திரையை அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். மருத்துவர் சொல்லும்வரை முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். நிமிர்ந்தால் மறுபடி பிய்ந்துவிடலாம். மிச்சமிருப்பது அந்த ஒரு கண்தான்.

அதே வாரம் குடும்பத்தின் காவல் புனிதர் நிக்கோலாவின் திருநாள் வந்தது. இந்த வருடம் விருந்து இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிடலாம் என்றாள் மனைவி லியூபிங்கா.

"நாம யாரையாவது கூப்பிட்டோமா? கூப்பிடாதவங்கள வராதேன்னு எப்படிச் சொல்றது?" என்றார் வெலிமிர்.

அதுதான் வழக்கம். அழைப்பே கிடையாது, தெரிந்தவர்கள் வருவார்கள். கடைசி விருந்தாளி போகும்வரை வீட்டுத் தலைவர் உட்காரக் கூடாது. வெலிமிர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, மோவாய் நெஞ்சில் பட நின்றார். வந்தவர்களைக் குரலால் அறிந்தார்.

மாலையில் திராகிஷா வந்தார். அவரும் ஓட்டுநர்; கோடையில் ஏதோ வாய்த்தகராறு, அதன்பிறகு இருவரும் பேசவில்லை. அறுவை சிகிச்சை நடந்ததும் அவருக்குத் தெரியாது. பிளம் சாராயக் கோப்பை ஒன்றை வெலிமிரின் கையில் கொடுத்து, மோதுவதற்குத் தன்னுடையதை நீட்டினார். கோப்பை மோதும்போது கண்ணைப் பார்க்காதவன் மனதில் கறுவுகிறவன் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"இன்னும் கோவமாடா?"

வெலிமிரின் தலை மெல்ல உயர்ந்தது. லியூபிங்கா பாய்ந்து வந்து பிடரியில் உள்ளங்கையை அழுத்தினாள். விஷயத்தையும் சொன்னாள்.

திராகிஷா கோப்பை சிந்தாமல் கம்பளத்தில் மல்லாந்து படுத்து, நண்பரின் முகத்துக்கு நேர் கீழே நகர்ந்தார்.

"பாருடா. சீக்கிரம் மோது. இந்தத் தொந்தியோட நானா எழுந்திரிக்க முடியாது."

வெலிமிருக்குத் தெரிந்தது கலங்கிய நிழல்தான். அதை நோக்கிக் கோப்பையை இறக்கினார்.

குமிழி மெதுவாகக் கரைந்தது. பெரிய எழுத்துகளைப் படிக்கும் அளவுக்குப் பார்வை திரும்பியது, பேருந்துக்குப் போதாது. அடுத்த நிக்கோலா திருநாளுக்கு வந்த திராகிஷா, கோப்பையோடு நேராகப் போய்க் கம்பளத்தில் படுக்க உட்கார்ந்தார்.

"எழுந்திருடா," என்றார் வெலிமிர். "மூஞ்சி தெரியுது. கிழவனாயிட்ட."