படத்தில் நின்ற வேப்பமரம்

கயிற்றுக்கடை வேதமாணிக்கம் தன் சம்சாரத்தின் கல்லறையைத் திறந்து, அதற்குள் வேறொரு பெண்பிள்ளையை வைத்துவிட்டாராம். தண்டையார்பேட்டையில் யாரோ தன் நாத்தனாரிடம் சொல்ல, அந்த நாத்தனார் குவைத்தில் என் சபைக்கு வருகிற கிறிஸ்டல் அக்காவிடம் சொல்ல, கிறிஸ்டல் அக்கா ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும், கைப்பைக்குள் கார் சாவியைத் துழாவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"ஒங்க ராயபுரத்துல இப்படியெல்லாம் நடக்குதாமே ஜெமிமா. அந்த ஆளுக்கும் அந்தப் பொம்பளைக்கும் என்ன தொடுப்போ."

வேதமாணிக்கம் என் அப்பா என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நம்பவுமில்லை. என்னிடம் சாட்சி இருந்தது. 2021 மே மாதம், இரண்டாம் அலையில் அப்பா இறந்தபோது, குவைத்தைவிட்டுக் கிளம்பினால் திரும்ப விடமாட்டார்கள் என்ற நிலை. நான் போகவில்லை. தம்பி எபினேசர் அன்று சாயங்காலம் ஒரே ஒரு படம் அனுப்பினான்: அம்மாவின் கல்லறை, ஈரம் காயாத புது மண், மேலே சம்பங்கி மாலை, பின்னால் வேப்பமரம். "அம்மாகூடவே வச்சாச்சுக்கா" என்று கீழே எழுதியிருந்தான். அதை அச்சுப் போட்டு என் கட்டிலருகே வைத்திருந்தேன். எட்டு மாதம் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

அம்மாவுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். 2009இல், சிறுநீரகம் இரண்டும் போய் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏட்டி, ஒங்கப்பாவ என்கூடயே கொண்டு வந்து வச்சிருங்க. உசுரோட இருக்க காலத்துல ஒருநாளாவது நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்காரா? அங்கயாவது வந்து சேரட்டும்." சரி என்றேன். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குடும்பக் குழியை அடக்கம் நடந்து பத்து வருஷம் ஆன பிறகு மறுபடி திறக்கலாம். இரண்டு பேருக்கு இடம். அம்மா கீழே, அப்பா மேலே.

அப்பா சாயர்புரத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவர். காசிமேட்டில் மாமா ஒருவர் கடையில் எடுபிடியாக இருந்து, பிறகு சொந்தமாகக் கயிற்றுக்கடை போட்டார். விசைப்படகுக்கு நைலான் கயிறு, வலைக்கு மிதவை, ஈயக்குண்டு. கயிற்றை டேப் வைத்து அளக்கமாட்டார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அப்படியே இழுத்து இழுத்து எண்ணுவார். கடைசியில் ஒரு பாகம் எண்ணாமல் கூடுதலாக விடுவார். அதற்காகவே எண்ணூர், நெட்டுக்குப்பத்திலிருந்தெல்லாம் ஆள் வரும்.

கொடுப்பதில் அவருக்கு ஒரு வியாதி. நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் என் சைக்கிளைக் காணோம். கடையில் கயிறு சுற்றும் ராசையாவின் மகளுக்குக் கொருக்குப்பேட்டையிலிருந்து பள்ளிக்கூடம் தூரமாம், கொடுத்துவிட்டார். அம்மாவின் தையல் மிஷின் வலை கட்டும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனது. அம்மா ஒரு பொழுது முழுக்க அதைத் தேடினாள். கொடுத்த பிறகுதான் சொல்வார். கேட்டால் சிரிப்பார். "ஒங்கப்பா செய்ற தருமமெல்லாம் அடுத்தவங்க மடியிலருந்துதான்" என்று அம்மாவும் சிரிப்பாள். ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயரில் என் சைக்கிளும் ஒரு பங்கு.

2022 பொங்கலுக்கு முந்தின நாள் வந்து இறங்கினேன். ஏழு நாள் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது. மாடியறையில் இருந்தபடியே அப்பாவின் காகிதங்களைப் பிரித்து அடுக்கினேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மனு, கடை வாடகைப் பத்திரம், காஸ் புத்தகம். ஒவ்வொன்றிலும் பெயரெழுத்துச் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். ராத்திரி திரும்பவும் பார்ப்பேன். அப்பாவின் போன் நம்பரை மட்டும் ரத்து செய்யவில்லை. படகுக்காரர்கள் எல்லோரிடமும் அந்த நம்பர்தான் இருக்கிறது என்று எபி அதையே வைத்துக்கொண்டான். கீழே கடைக்கணக்குப் பார்த்துக்கொண்டே அவன் மாடிக்குப் போன் போட்டால், என் திரையில் 'அப்பா' என்று வரும், தலையில் துண்டு கட்டிய படத்தோடு. பெயரை மாற்ற எனக்குக் கை வரவில்லை.

"கல்லறைக்கு எப்ப போலாம்லே?" என்று தினமும் கேட்டேன்.

"பொங்கல்லாம் முடியட்டும்க்கா." பிறகு, "ஞாயித்துக்கிழமை ஊரடங்கு, கேட்டு தொறக்கமாட்டாங்க." பிறகு, "இப்ப ஒமிக்ரான் அது இதுன்னு கெடக்கு. நீ வேற சும்மாவே பயப்படுவ. குவைத்துக்குப் போகும்போது டெஸ்ட்ல மாட்டிக்கிட்டேன்னா?"

பயப்படுவேன்தான். ஆனாலும் ஏழு நாள் கழிந்த சனிக்கிழமை, அவன் கடைக்குப் போனதும் ஆட்டோ பிடித்துப் போனேன்.

அம்மாவின் சிலுவை அதே இடத்தில் இருந்தது. அதில் அப்பாவின் பெயர் இல்லை. எபி இன்னும் வெட்டவில்லை போலும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைக் காவல்காரரிடம் சொல்லியும்விட்டேன்.

"யாரு பேரும்மா?"

"எங்கப்பா. வேதமாணிக்கம்."

"கயிறு கடைக்காரா? அவரு இங்க இல்லியே. அதோ அந்தாண்ட, காம்பவுண்டு ஓரமா கீறாரு. கொரோனா வரிசை. நாப்பத்தி ஒண்ணு." கையை நீட்டினார். சாம்பல் கலந்த மண்ணில் வரிசையாகக் கம்புகள் நட்டிருந்தன. தகரத்தில் எண்கள்.

"அப்ப இங்க யாரு?"

"உங்க அம்மாவும், ராசையா பொஞ்சாதி குணவதியும். உனுக்குத் தெரியாதா? நீதானே கையெழுத்து போட்டு குட்த்துக்கிற."

அலுவலக அறைக்குக் கூட்டிப்போய்க் கோப்பை எடுத்துக் காட்டினார். 2020 ஜூன் 14. குடும்பக் கல்லறையைத் திறக்க வாரிசுகளின் சம்மதக் கடிதம். அப்பா, எபினேசர், நான். நான் எப்போதும் தமிழில்தான் கையெழுத்திடுவேன், பாஸ்போர்ட்டிலும். இதிலோ ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில் என் பெயர். ரசீதில் நைலான் என்று எழுதும் அதே எழுத்து. கயிற்று முடிச்சைப்போல வாலை இழுத்துவிடும் கை. அப்பாவின் கை.

"ஒருக்கா தொறந்தாச்சுன்னா இனிமே பத்து வருசத்துக்குத் தொறக்கக் கூடாது" என்றார் காவல்காரர். "அதுக்குள்ள உங்க நைனாவும் பூட்டாரு. இன்னா பண்றது."

போனில் எபி அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினேன். "அப்ப இது?"

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது குணவதிய வச்ச அன்னிக்கு எட்த்ததும்மா. வேப்பமரம் கீது பாரு. அது நிவர் புயல்லயே சாஞ்சிடிச்சி."

நிவர் புயல் 2020 நவம்பரில். அப்பா இறந்தது 2021 மே. திரும்பிப் பார்த்தேன். சிலுவைக்குப் பின்னால் ஆகாயமும், தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்களும்தான் இருந்தன. நான் எட்டு மாதம் கட்டிலருகே வைத்துப் பார்த்து ஜெபித்தது இன்னொருத்தியின் அடக்கத்தை.

அப்பா தினமும் எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். அவர் போனபின் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. விரலால் தள்ளித் தள்ளி 2020 ஜூன் 14க்குப் போனேன். மத்தியானம் மூன்றரைக்கு ஒன்று இருந்தது.

"ஏட்டி ஜெமி, சாப்ட்டியா? இன்னைக்கு எபி நெத்திலி வாங்கியாந்தான். நல்லா இருந்திச்சி. ஒனக்கு அங்க என்ன கெடைக்கும் பாவம். மாஸ்க்கு மறக்காமப் போடு. வேற விசேசம் ஒண்ணுமில்ல."

இரண்டாவது தடவையும் கேட்டேன். வேற விசேசம் ஒண்ணுமில்ல.

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அழுதிருப்பேன், முடியாது என்றிருப்பேன். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. சைக்கிளைக் கேட்காதது போலவே. ஆனால் சைக்கிள் என்னுடையது. இது அம்மாவுடையது.

எபிக்கு அதே படத்தைத் திருப்பி அனுப்பினேன். "இதில் வேப்பமரம் நிற்கிறதே, எபி" என்று மட்டும் எழுதினேன்.

அனுப்பிவிட்டு வெளியே வந்தால், அம்மாவின் சிலுவையருகே ஒருவர் குந்திக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியதும்தான் ராசையா மாமா என்று தெரிந்தது. பாதியாகிவிட்டார்.

"பாப்பா. எப்ப வந்த? எபி சொல்லவே இல்லியே." எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் இரண்டு கையையும் பிடித்தார். "உன்னக் கண்ணால பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு எவ்ளோ நாளா நெனச்சிகினு கீறேன் தெரியுமா. அன்னிக்கி இவள தூக்கிகினு போனா, ரெண்டு கல்லறத் தோட்டத்துல கேட்ட மூடிட்டானுங்க பாப்பா. ஏரியாக்காரனுங்க கல்ல எட்த்துகினு நின்னானுங்க. வெறும் காய்ச்சல்னு சொன்னா எவன் கேக்கறான். ஆம்புலன்ஸ்காரன் ரோட்டுலயே எறக்கிட்டுப் போறேன்னுட்டான். மொதலாளிக்குப் போன போட்டேன். கொண்டாடா இங்கன்னாரு."

"ம்."

"உங்க அம்மா எடமாச்சே, பாப்பா ஒத்துக்குமான்னு நான்தான் கேட்டேன். கேட்டுட்டேன்டா, போன்ல அழுதுச்சி, ஆனா மனசார சரின்னுச்சி, அவ அப்படியே அவ அம்மா மாதிரிடான்னாரு. மொதலாளி பொய் சொல்லுவாரா? சனிக்கிழம சனிக்கிழம ரெண்டு வத்தி. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு உங்க அம்மாவுக்கு. ஜெபத்துல மொத பேரு உன்னுதுதான்."

நான் சொல்லியிருக்கலாம். எனக்கு எதுவுமே தெரியாது மாமா, யாரும் என்னைக் கேட்கவில்லை என்று ஒரே வாக்கியம். நைலான் உரசி உரசிக் காய்ப்புக் காய்த்துப்போன அவர் கை என் கையை விடவில்லை.

"இருக்கட்டும் மாமா" என்று என் வாய் சொன்னது. அதுவும் பொய்தான். எனக்கும் அந்தக் குடும்ப வியாதி தொற்றிவிட்டது.

"மொதலாளிக்கு இங்க குட்த்து வெக்கல" என்று அவர் கம்பு வரிசையைப் பார்த்தார். "என்னாலதான்னு மனசு அட்ச்சிகினே கீது. ஆனா நீ ஒண்ணும் தப்பா நெனக்கமாட்ட. நீ சொல்லித்தானே நடந்துச்சி."

கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். தலையில் துண்டு, அதே சிரிப்பு. அப்பா.

ராசையா மாமாவும் எட்டிப் பார்த்தார். எபிதான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நிமிர்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எட்த்துப் பேசு பாப்பா."

ஒருமுறை அடித்து ஓய்ந்தது. நாற்பத்தொன்றாம் எண் கம்பின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. மறுபடி அடிக்கத் தொடங்கியது. கட்டைவிரல் பச்சை வட்டத்துக்கு மேலேயே நின்றது. கையில் அப்பா நடுங்கிக்கொண்டே இருந்தார்.